குஷிங் நோய்க்கு மைட்டோடேனா, டிரைலோஸ்டேனா?

வயதான நாய் ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வயிறு தொங்கி, இரு விலாக்களிலும் ஒன்றுபோல் முடி உதிர்ந்து நின்றால் கால்நடை மருத்துவரின் ஐயம் குஷிங் நோயின் மீது விழுகிறது. சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பி மிகையாகச் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் தோலை மெலியச் செய்கிறது. பத்தில் எட்டு நாய்களுக்கும் மேலாக, கோளாறின் தொடக்கம் மூளையடியிலிருந்து அட்ரீனலை ஏவும் பிட்யூட்டரிச் சுரப்பியின் கட்டியே. அரிப்புக்காக நெடுங்காலம் ஸ்டீராய்டு உட்கொண்ட நாய்க்கும் இதே தோற்றம் வரும். அதற்கு மைட்டோடேன், டிரைலோஸ்டேன் என்ற இவ்விரு மருந்துகளும் வேண்டியதில்லை, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தாலே போதும் என்பதால், பழைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்துவிட்டே அடுத்த அடி வைக்க வேண்டும்.

மைட்டோடேன் டி.டி.டி. பூச்சிக்கொல்லியோடு நெருங்கிய வேதி உறவுள்ளது. அந்தக் குடும்பத்துச் சேர்மமொன்றை உண்ட நாய்களின் அட்ரீனல் புறணி (சுரப்பியின் வெளி அடுக்கு) சுருங்கியதாக 1949-இல் வெளியான ஆய்வே இதற்கு வித்திட்டது. இம்மருந்து கார்டிசால் சுரக்கும் திசுவையே அழிக்கிறது. முதல் கட்டத்தில் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மி.கி. வரை உணவுடன் கொடுத்து, பெருந்தீனி தின்ற நாய் தட்டருகே சற்றே தயங்கும் நாளிலேயே நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டும். பின்னர் வாராந்திர அளவு தொடரும். அந்தத் தயக்கத்தை உரிமையாளர் கவனிக்கத் தவறினால், அழிவு எல்லை மீறி, கார்டிசாலும், உடலின் உப்பைச் சமன்செய்யும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனும் நிரந்தரமாகக் குறைந்துபோகலாம்.

டிரைலோஸ்டேன் பொதுவாகத் திசுவைத் தொடுவதில்லை. ஹார்மோன் உற்பத்திக்குத் தேவையான ஒரு நொதியை மட்டும் தற்காலிகமாகத் தடுக்கிறது. அமெரிக்காவில் 2008-இல் நாய்களுக்கு ஒப்புதல் பெற்ற இதன் விளைவு சில மணி நேரத்தில் தணிந்துவிடும். எனவே அளவு மிகுந்து நாய் சோர்ந்தாலோ வாந்தி எடுத்தாலோ, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் ஆயுள் முழுவதும் தினமும், சில நாய்களுக்கு இருவேளையும், கொடுத்தாக வேண்டும். அரிதாக இதனாலும் அட்ரீனல் திசு மடிவதுண்டு. தொடங்கிய 10 முதல் 14 நாளுக்குள் அட்ரீனலைத் தூண்டிவிட்டுக் கார்டிசாலை அளக்கும் ஏ.சி.டி.எச். தூண்டல் சோதனை செய்வது வழக்கம். மருந்து கொடுத்து நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் அது நடக்க வேண்டும்.

ஆயுளை வைத்துத் தீர்ப்புச் சொல்வது கடினம். பிரிட்டனில் 2005-இல் வெளியான ஒப்பீட்டில் இடைநிலை உயிர்வாழ்வு (பாதி நாய்களாவது உயிரோடிருந்த காலம்) டிரைலோஸ்டேனுக்கு 662 நாள், மைட்டோடேனுக்கு 708 நாள். புள்ளியியல்படி இது வேறுபாடே அன்று. அட்ரீனல் புறணி முழுவதையும் மைட்டோடேனால் அழித்துவிடும் கடுமையான முறையோடு ஒப்பிட்ட 2007-ஆம் ஆண்டு ஆய்விலோ 900 நாளுக்கு 720 நாள் என டிரைலோஸ்டேன் முந்தியது. ஆகவே என் தேர்வுக்கு அடிப்படை ஆயுள் அன்று, தவறு நேர்ந்தால் திரும்ப வழி உண்டா என்பதே. அதன்படி முதல் மருந்து டிரைலோஸ்டேன்தான். அது ஒத்துக்கொள்ளாத நாய்க்கும், அறுவைக்கு இயலாத அட்ரீனல் புற்றுக்கட்டிக்கும் மைட்டோடேன் இன்னும் கைவசம் இருக்க வேண்டிய மருந்தே.

தோலைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தாகம் சில வாரங்களில் அடங்கும். முடி முளைக்கப் பல மாதங்கள் ஆகும். இரண்டாம் மாதத்தில் வெற்று விலாவைக் காட்டி மருந்தைக் கூட்டச் சொல்லும் உரிமையாளருக்கு மருத்துவர் இணங்கக் கூடாது. அளவைத் தீர்மானிக்க வேண்டியவை தண்ணீர்க் கிண்ணமும் கார்டிசால் அளவுமே.