பஷ்மினா, குல்லு, போன்சோ: புடவை மேல் எது நிற்கும்?

சென்னையில் சால்வைக்கு வேலை வைப்பது டிசம்பர் மாதமல்ல, சபாவின் ஏசி. மூன்று மணி நேரம் அசையாமல் கச்சேரி கேட்பவருக்கும், ஊட்டியில் விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்பவருக்கும், டொராண்டோவில் காரிலிருந்து இறங்கிக் கல்யாண மண்டபத்துக்குள் ஓடுபவருக்கும் ஒரே சால்வை சரிப்படாது. கடையில் எல்லாரும் முதலில் கேட்பது "ஒரிஜினல் பஷ்மினாவா?" என்று. அகலம் எத்தனை சென்டிமீட்டர், எடை எத்தனை கிராம் என்று கேட்டுவிட்டு அந்தக் கேள்விக்கு வருவது நல்லது.

அகலம் ஏன் என்றால், புடவையில் குளிர் நுழையும் வழிகள் வேறு. ரவிக்கையின் முதுகு வெட்டு, முந்தானை மூடாத வலது தோள், மேல்கை, இடுப்பு. 70 × 200 செ.மீ. ஸ்டோல் தோளையும் கழுத்தையும் பார்த்துக்கொள்ளும், இடுப்பு வரை இறங்காது. 100 × 200 செ.மீ. முழுச் சால்வைதான் முதுகையும் இடுப்பையும் சேர்த்து மூடும். சுடிதாருக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஸ்டோலே போதும். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று 30 செ.மீ. ஸ்கார்ஃபை வாங்கிப் புடவை மேல் போட்டால் அது கழுத்துத் துண்டாகத்தான் நிற்கும்.

எடைக்கு ஒரு எளிய கணக்கு. 100 × 200 என்றால் 2 சதுர மீட்டர். வேலைப்பாடில்லாத பஷ்மினா இந்த அளவில் ஏறத்தாழ 200 கிராம் இருக்கும், அதாவது சதுர மீட்டருக்கு 100 கிராம். அதே அளவு ஹிமாச்சலக் குல்லு கம்பளிச் சால்வை பெரும்பாலும் 300 முதல் 400 கிராம். கையில் வாங்கியதும் கனமாக, வழுவழுப்பாக, சில்லென்று இருந்தால் அது விஸ்கோஸாக, அதாவது மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழையாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். கம்பளி தொட்ட மாத்திரத்தில் சில்லென்று இருக்காது.

இனி பஷ்மினா. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில், 4,000 மீட்டருக்கு மேல் வளரும் சாங்தாங்கி ஆட்டின் அடிமயிர் இது. மேலே இருக்கும் முரட்டு முடியைச் சேர்க்கக் கூடாது, குளிருக்காக அடியில் முளைக்கும் மென்மயிர் மட்டும்தான். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 80 முதல் 170 கிராம் வாரி எடுக்கலாம். முரட்டு முடியைப் பிரித்த பிறகு அதிலும் பெரும்பகுதி போய்விடும். ஒரு முழுச் சால்வைக்கு மூன்று ஆடுகளாவது வேண்டும் என்பார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ரயில் நிலைய வாசலில் ஐந்நூறு ரூபாய்க்குத் தொங்கும் "பியூர் பஷ்மினா"வைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சுற்றுலாக் கடைகளில் சால்வையை மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டுவார்கள். பார்க்க அழகான வித்தை, சோதனையாக அதற்கு மதிப்பில்லை. மெல்லிய பட்டும் விஸ்கோஸும் அதே மோதிரத்தில் அதைவிடச் சுலபமாக நுழையும். குஞ்சத்திலிருந்து ஓர் இழையைக் கிள்ளி எரித்துப் பார்ப்பது சற்று மேல். தலைமுடி கருகிய வாடை வந்து சாம்பல் விரலில் பொடிந்தால் விலங்கு மயிர். காகிதம் எரிந்த வாடை என்றால் விஸ்கோஸ். உருகிக் கெட்டி மணியாகச் சுருண்டால் அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர். ஆனால் சாதாரணச் செம்மறிக் கம்பளியும் பஷ்மினாவும் ஒரே மாதிரிதான் எரியும். அவற்றைப் பிரித்துச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும்.

அதனால்தான் முத்திரையைப் பார்க்கச் சொல்கிறோம். காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு 2008இல் கிடைத்தது. ஸ்ரீநகரின் கைவினை மேம்பாட்டு நிறுவனத்தில் இருக்கும் சோதனைக்கூடம், முழுக்கப் பஷ்மினா, 16 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்படாத தடிமனுள்ள நார், கையால் நூற்றது, கைத்தறியில் நெய்தது என்ற நான்கும் சரியாக இருந்தால்தான் எண் போட்ட முத்திரையைப் பொருத்துகிறது. இது தவிர, பஷ்மினாவை அடையாளம் காண்பதற்கும் லேபிள் ஒட்டுவதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2019இல் தனித் தரமே வெளியிட்டிருக்கிறது.

கைநூற்பை ஏன் இத்தனை வலியுறுத்துகிறார்கள்? நார் அவ்வளவு மெல்லியது, விசைத்தறியின் இழுப்பைத் தாங்காது. தாங்க வைப்பதற்காகச் சிலர் நைலானைக் கலந்து நூற்று நெய்கிறார்கள். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நைலானைக் கரைத்து எடுத்துவிடுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது நூறு சதவீதப் பஷ்மினாதான், லேபிளும் பொய் சொல்லவில்லை. ஆனால் அமிலம் பட்ட நார் வலுவிழந்து சீக்கிரமே நைந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கைநூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும், நெசவு சீப்பு வாரியது போலச் சீராக இருக்காது. காஷ்மீரிகள் "சஷ்ம்-ஏ-புல்புல்", புல்புல் பறவையின் கண், என்று சொல்லும் சின்னச் சின்ன வைர நெசவு இருந்தால் அது தறிக்காரரின் நேரத்துக்கு நல்ல அடையாளம்.

வேலைப்பாடு வேண்டுமென்றால் சால்வையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள், விலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. சோஸ்னி ஊசிவேலையில் தையல் மிகச் சின்னது, இரண்டு பூக்கள் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்காது. ஆரி வேலை கொக்கி ஊசியில் போடும் சங்கிலித் தையல். வேகமாக முடியும், அதற்கேற்ப விலை குறையவேண்டும். மெஷின் எம்பிராய்டரி என்றால் பின்பக்கம் முழுக்க ஒரே நிற அடிநூல் ஓடும். கானி என்பது எம்பிராய்டரியே இல்லை. சிறு மரக்குச்சிகளில் சுற்றிய வண்ண நூல்களை ஊடையாக, அதாவது குறுக்கு நூலாக, கோத்துத் தறியிலேயே உருவாக்குவது. அதன் பெயரில் விற்கும் ஜக்கார்டு துணியின் பின்பக்கத்தில் வெட்டிவிட்ட மிதவை நூல்கள் கொசகொசவென்று இருக்கும்.

ஷாதுஷ் என்று காதோடு காதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். திபெத்திய மானைக் கொன்றுதான் அந்த மயிரை எடுக்கிறார்கள். விற்பதும் வாங்குவதும் குற்றம்.

பஷ்மினா மீதான தீர்ப்பு: சபாவுக்கும் விமானத்துக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை, மடித்தால் கைப்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் காஞ்சிபுரம் பட்டோடு இதற்கு ஒத்துப்போகாது. ஜரிகைக் கரை உரசும் இடத்தில், குறிப்பாக இடது தோளில், ஒரே சீசனில் பிசிறு கட்டிவிடும். ஜிமிக்கியின் கொக்கியும் கையில் போடும் வங்கியின் முனையும் இழையைப் பிடித்து இழுக்கும். பட்டுடுத்துகிறவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது பஷ்மினாவை அல்ல, குல்லுச் சால்வையை.

ஹிமாச்சலத்தின் குல்லுப் பள்ளத்தாக்கில் நெய்யப்படும் இந்தச் சால்வையின் இரு முனைகளிலும் கட்டம் கட்டமாக ஏறி இறங்கும் வண்ணப் பட்டைகள் இருக்கும். ஊசி படாமல், நெய்யும்போதே ஊடையோடு கையால் கோத்தவை அவை. 1944இல் தொடங்கிய பூட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், பூட்டிகோ என்ற பெயரில், இன்னும் இவற்றை விற்கிறது. கூட்டுறவுக் கடையில் விலை எழுதியிருக்கும், பேரம் பேசும் அவஸ்தை இல்லை. வாங்கும்போது எந்தக் கம்பளி என்று கேளுங்கள். உள்ளூர்ச் செம்மறிக் கம்பளி சூட்டில் கெட்டி, கழுத்தில் குத்தும். 30 மைக்ரானுக்கு மேல் தடித்த நார்கள் கொஞ்சம் கலந்திருந்தாலே தோல் அதைக் குத்தலாக உணர்கிறது. மெல்லிய நாருள்ள மெரினோ ஆட்டுக் கம்பளி குத்தாது. உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பது வீண், அங்கே தோல் தடிமன். கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். உயரம் குறைந்தவர்கள் முனையில் மட்டும் பட்டை உள்ளதை எடுக்கலாம். நடுவிலும் அகலப் பட்டை வந்தால் அது முதுகின் குறுக்கே விழுந்து ஆளை இரண்டாக வெட்டிக் காட்டும்.

நீலகிரிக்குப் போகிறவர்கள் தோடர்களின் பூத்துக்குளி என்ற போர்வையைப் பார்க்காமல் வரவேண்டாம். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைபடம் இல்லாமல் இழைகளை எண்ணிப் போடும் வேலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தோடர்கள் இதை இரட்டையாக மடித்துப் போர்த்துகிறார்கள். ஒற்றையாகப் போட்டுக்கொண்டு ஊட்டிக் குளிரைத் தாங்கவில்லையே என்று குறை சொல்வது நியாயமில்லை. காதித் துணிக்கும் பருத்திப் புடவைக்கும் இதைப்போலப் பொருந்துவது வேறில்லை. துணியின் இழை எண்ணக்கூடியதாக இல்லாமல் நெருக்கமாக, வழவழவென்று இருந்தால் அது மெஷினில் போட்ட நகல்.

அக்ரிலிக்கை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. தினமும் கல்லூரிக்குப் போட்டு, வாரம் ஒருமுறை வாஷிங் மெஷினில் போடுகிறவருக்கு அதுதான் சரி. வியர்வையை உறிஞ்சாது, உலர்ந்த குளிரில் முடியோடு ஒட்டிப் பொறி பறக்கும், அவ்வளவுதான் குறை. விஸ்கோஸ் அழகாக விழும், சூடு தராது. கல்யாண ஆல்பத்துக்குப் போதும்.

போன்சோ, ரூவானா, கேப் மூன்றையும் இப்போது ஒரே பெயரில் விற்கிறார்கள். தலையை நுழைக்க ஓட்டை மட்டும் உள்ளது போன்சோ. கொலம்பிய மலைகளிலிருந்து வந்த ரூவானா முன்பக்கம் முழுக்கத் திறந்தது. தோளுக்கு வெட்டித் தைத்தது கேப். புடவைக்குப் போன்சோ வேண்டவே வேண்டாம். தலைவழியாக மாட்டும்போது மல்லிகைச்சரம் நசுங்கும், பொட்டு ஈஷிக்கொள்ளும், போட்ட பிறகு முந்தானை இருக்கிற இடமே தெரியாது. ரூவானா நன்றாக நிற்கும். ஒரு பக்கத்தை எதிர்த்தோள் மேல் வீசிவிட்டால் முன்பக்கமும் அடைபடும். கார் ஓட்டுகிறவர்கள் கேப்பை வாங்கும் முன் கைதுளை இருக்கிறதா என்று பாருங்கள். துளையில்லாத கேப்பில் சீட் பெல்ட் துணிக்கு மேலே போகும், கையைத் தூக்கவே முடியாது. தோள்பை மாட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லை.

போர்த்தும் முறைக்கு வருவோம். புடவையில் சால்வை வழுக்குவதற்குக் காரணம் பட்டின் மேல் கம்பளி உட்கார்வதுதான். முந்தானை மடிப்பு குத்திய இடது தோளிலேயே சால்வையின் முழு எடையையும் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து சரியும். 100 செ.மீ. அகலத்தை முழுதாகப் பாதியாக மடிக்காமல், மேலிருந்து 30 செ.மீ. மட்டும் வெளிப்புறமாக மடியுங்கள். கழுத்துப் பக்கம் இரட்டையாகவும் இடுப்புப் பக்கம் ஒற்றையாகவும் இருக்கும். நடுப்பகுதியைப் பிடரியில் வைக்காமல் 20 செ.மீ. வலப்பக்கம் தள்ளி வையுங்கள், அப்போது வலது முனை நீளமாகத் தொங்கும். அந்த நீள முனையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் இடது தோள் மேல் பின்னால் போடுங்கள். சால்வை தன் எடையிலேயே நிற்கும், ஊக்கு தேவைப்படாது.

முந்தானை தெரியவேண்டும் என்றால் நீளவாக்கில் நான்காக மடித்து 25 செ.மீ. பட்டையாக வலது தோளில் போட்டு, முன்முனையை வலது முழங்கையில் இடுக்கிக்கொள்ளலாம். இரண்டு முழங்கையிலும் தொங்கவிட்டு முதுகுக்குப் பின்னால் வளைத்து விடுவது படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும். பத்து அடி நடந்தால் தரையைக் கூட்டும்.

முக்கோணமாகப் போர்த்த ஆசைப்படுபவர்கள் சதுரச் சால்வை வாங்கவேண்டும். 130 × 130 செ.மீ. துணியைக் குறுக்கே மடித்தால் மேல்விளிம்பு 184 செ.மீ., முதுகில் 92 செ.மீ. இறங்கும். 100 × 200ஐ அப்படி மடித்தால் ஒரு பக்கம் வால் போல நீண்டுவிடும்.

ஊக்கு குத்தியே ஆகவேண்டும் என்றால் குல்லுக் கம்பளி தாங்கும், கரையிலிருந்து 5 செ.மீ. உள்ளே தடித்த ஊக்காகக் குத்துங்கள். பஷ்மினாவில் குத்தாதீர்கள், ஒரு முறை ஓட்டை விழுந்தால் அது விரிந்துகொண்டேதான் போகும்.

துவைப்பதில் கெடுவது மூன்று காரணங்களால்: வெந்நீர், கசக்குதல், தவறான சோப்பு. கம்பளி மயிரின் மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சூடும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும், திரும்ப விரியாது. என்ஸைம் கலந்த சலவைத்தூள் புரதக் கறையைத் தின்னும், கம்பளியும் புரதம்தான். ப்ளீச் பட்டால் கரைந்தே போகும். ஐந்து லிட்டர் தண்ணீரில், குழாய்த் தண்ணீரின் சூட்டிலேயே, ஒரு தேக்கரண்டி குழந்தை ஷாம்பு கலந்து ஐந்து நிமிடம் ஊறவைத்து, அமுக்கி அமுக்கி எடுங்கள். அலசிய பின் பிழியாமல் தேங்காய்ப்பூத் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கவைத்து உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈர எடை இழுத்து நீட்டிவிடும். எம்பிராய்டரி போட்டதை உலர்சலவைக்கே கொடுங்கள், சாயம் கசிவதை வீட்டில் தடுக்க முடியாது.

பூச்சி அரிப்பது பெரும்பாலும் அழுக்குப் பட்ட இடத்தில், வியர்வையும் சந்தனமும் ஒட்டிய கழுத்துப் பகுதியில். அதனால் சீசன் முடிந்ததும் துவைக்காமல் பீரோவில் வைக்கக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் உறை ஆகாது, பழைய மல் வேட்டியில் சுற்றுங்கள். வசம்பை ஒரு சிறு துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம். அந்துருண்டை வைத்தால் சால்வையில் நேராகப் படவேண்டாம். ஏற்கெனவே ஓட்டை தெரிந்தால் காற்றுப் போகாத பையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீஸரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல், உள்ளே நீர் கோக்காதபடி அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்கவேண்டும், பட்டுப் புடவைக்குச் செய்வது போலவேதான்.