ரீச்சர் வேலையா, புரூஃப் மேசையா: அக்காவின் சீ.ஆர். கொப்பிக் கணக்கு

தவணை விடுமுறை தொடங்கிய அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்: "தம்பி, எனக்கு ஒரு வேலை தருகிறார்களாம். சம்பளம் குறைவு. நீ கணக்குப் போட்டுச் சொல்லு, போகலாமா என்று."

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நான் கணக்கெழுதுகிறவன். மற்றவர்களுடைய கணக்கைப் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கனத்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் பாடசாலை, வலப்பக்கம் அச்சகம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் போயிற்று.

அக்காவுக்கு வயது 42. அரச பாடசாலையில் தமிழ் படிப்பிக்கத் தொடங்கி 17 ஆண்டுகள். வேலை தருவதாகச் சொன்னது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிற சிறிய அச்சகம். முதலாளியோடு சேர்த்துப் பதினொரு பேர். முப்பத்தோராம் நாள் நினைவு மலர், கும்பாபிஷேக மலர், சாதாரண தரப் பரீட்சை வழிகாட்டி நூல் என்று என்னென்னவோ அச்சாகும். அக்காவுக்கு அச்சுப் பிழை திருத்துகிற ஒப்புநோக்குநர் வேலை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளின் கொப்பியில் றகரத்தையும் ரகரத்தையும் திருத்திய கைக்கு அது புதிதல்ல.

முதலில் பணம். பாடசாலைச் சம்பளத்தில் வாழ்க்கைச் செலவுப் படி 17,800 ரூபாவும் சேர்ந்து, விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பணமும் இடர்கடன் தவணையும் கழிந்து அக்காவின் கைக்கு 68,000 வருகிறது. அச்சகத்தில் 55,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 4,400 போனால் 50,600. மாதம் 17,400 ரூபா இடிக்கிறது. அந்த இடத்திலேயே கொப்பியை மூடியிருப்பேன். ஆனால் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 சதவீதம். அக்காவின் பங்கோடு கூட்டினால் மாதம் 12,650 ரூபா அவர் பெயரில் சேரும். "அப்படியென்றால் உண்மையான இடைவெளி ஐயாயிரத்துக்கும் குறைவுதான் அக்கா" என்றேன் பெருமையாக.

"சேருகிற காசில் மீன் வாங்கலாமா?" என்றார் அக்கா.

முடியாது. பெண்களுக்குச் சேமலாப நிதிப் பணம் பொதுவாக 50 வயதில்தான் முழுமையாகக் கைக்கு வரும். அதுவரை 17,400 என்பது 17,400தான். அதோடு அந்த இடைவெளி நின்ற இடத்தில் நிற்கப்போவதுமில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த அடிப்படைச் சம்பள உயர்வு அரச ஊழியருக்கு மூன்று கட்டமாக வருகிறது. கடைசிக் கட்டம் 2027 ஜனவரி. அச்சகத்தில் உயர்வு என்பது முதலாளியின் மனம், காகித விலை, அந்த ஆண்டு எத்தனை கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்பவற்றைப் பொறுத்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்குள் 69.8 சதவீதம் ஏறியிருந்தபோது அரச சம்பளமும் கைகொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் தெருவில் இறங்கிக் கேட்பதற்கு அங்கே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இருந்தார்கள். பதினொரு பேர் இருக்கிற இடத்தில் அக்கா யாரோடு சேர்ந்து கேட்பார்?

அந்தப் பேச்சு வந்ததும் அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். 2021 ஜூலையில் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடியபோது அவரும் அதில் இருந்தவர். 24 ஆண்டு காலச் சம்பள முரண்பாடு என்று பதாகை பிடித்தவர். "கூட்டித் தா என்று கத்திய நான், குறைத்துத் தா என்று போய் நிற்கப்போகிறேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னோம். சொல்லியிருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பழைய வாய்மொழி உடனே வந்து விழுந்தது: "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்." கோறணமேந்து என்றால் அரசாங்கம். அம்மாவைப் பொறுத்தவரை கொப்பி அங்கேயே மூடியாயிற்று.

அம்மாவின் பேச்சில் பாதி, வீண் கௌரவம். மற்றப் பாதி ஓய்வூதியம், அதை வீண் என்று சொல்ல என்னால் முடியவில்லை. இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போவதும் ஓய்வு பெறுவதும் வேறு வேறு. இராஜினாமாச் செய்கிறவருக்கு ஓய்வூதிய உரிமை கிடையாது. அரச சேவையில் ஓய்வு வயது 60, விரும்பினால் 55இல் போகலாம். அக்காவுக்கு 55 வர இன்னும் 13 ஆண்டுகள். கோபத்தில் எழுதுகிற நான்கு வரிக் கடிதம் ஆயுள் முழுவதும் வரவேண்டிய மாத வருமானத்தை விழுங்கிவிடும். அச்சகத்தில் பணிக்கொடையாவது கிடைக்குமா என்று பார்த்தேன். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் அது 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடங்களுக்குத்தான். அச்சகத்தில் பதினொரு பேர். இதைக் கேட்டதும் அக்கா, "இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா?" என்றார். ஆசிரியர் அறையில் ஆட்களுக்குப் பஞ்சமிருக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இதுவரை இடப்பக்கம்தான் கனம். ஆனால் அக்கா பணத்துக்காக விலக நினைக்கவில்லையே. ஆகவே நேரத்தைக் கணக்குப் போட்டோம்.

எல்லோரும் நினைப்பது போலப் பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிற வேலைதான், வாரத்துக்கு 30 மணி. அதற்குப் பிறகு நிற்கவேண்டிய கூட்டம், பயிற்சி, போட்டி என்று 4 மணி. இரவில் கொப்பி திருத்தல், பாடக்குறிப்பு, பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் படிவங்கள் என்று நாளுக்கு 2 மணி. ஞாயிறு 4 மணி. மொத்தம் 48. அச்சகத்தில் காலை 8.30 முதல் மாலை 5 வரை, சாப்பாட்டு நேரம் போனால் வாரத்துக்கு 37.5. நான் உடனே வலப்பக்கம் பெரிய சரி போட்டேன்.

"ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறையை யார் கணக்கெடுப்பது?" என்று அக்கா கேட்டார்.

பாடசாலை ஏறக்குறைய 40 வாரம் நடக்கிறது என்று வைத்தால் ஆண்டுக்கு 1,920 மணி. அச்சகத்தில் 52 வாரத்துக்கு 1,950. அதில் 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் சாதாரண விடுமுறையும் கழிந்தால் 1,792. பௌர்ணமிப் போயா விடுமுறை நாள்களை இரு பக்கமும் விட்டுவிட்டோம். வித்தியாசம் ஆண்டுக்கு 130 மணிகூட இல்லை. மாதம் 17,400 ரூபா கொடுத்து வாரத்துக்கு இரண்டரை மணி நேரத்தை வாங்குவது எந்தக் கணக்கில் நியாயம்? நான் போட்ட சரியை அழித்தேன்.

பிறகுதான் பயணம் நினைவுக்கு வந்தது. அக்காவின் வீடு வெள்ளவத்தை, பாடசாலை வடகொழும்பு. காலை ஆறு மணிக்கு ரயில், கோட்டையில் இறங்கிப் பஸ், திரும்பி வரும்போது வெயிலில் அதே பாடு. நாளுக்கு இரண்டு மணி, ஆண்டுக்கு 400 மணி. அச்சகத்துக்குப் பத்து நிமிட நடை. இது பெரிய இலாபம் என்று வலப்பக்கம் எழுதப் போனேன். அக்கா பேனாவைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, அது படிப்பிக்கிற வேலையின் குற்றமில்லை. பாடசாலை இருக்கிற இடத்தின் குற்றம். பக்கத்துப் பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தால் அதே 400 மணி சம்பளம் குறையாமலே கிடைக்கும்."

இரண்டு வாரத்தில் எங்கள் கொப்பியில் விழுந்த உருப்படியான வரி இதுதான். பக்கத்தைத் திருப்பினோம். அக்காவுக்குத் தொல்லை தருகிறவற்றையெல்லாம் வரிசையாக எழுதி, இடமாற்றத்தால் தீரக்கூடியதற்கு "இ" என்றும், வேலையை விட்டால்தான் தீரும் என்பதற்கு "வே" என்றும் போட்டோம். பயணம், இ. ஒரு வகுப்பில் 43 பிள்ளைகள், இ. பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஆசிரியரைச் சத்தம் போடுகிற மேலாள் ஒருவர், இ. அவரைப் பற்றி அக்கா இரண்டு பக்கம் பேசினார், நான் ஓரெழுத்தில் முடித்தேன். ஆள் வராத வகுப்புகளுக்கெல்லாம் தன்னையே அனுப்புவது, இ. தமிழ் ஆசிரியை என்பதால் ஒவ்வொரு விழாவுக்கும் வரவேற்புரை முதல் வாழ்த்துப்பா வரை எழுதித் தர வேண்டியிருப்பது, இ என்று நான் சொன்னேன். "எந்தப் பாடசாலைக்குப் போனாலும் தமிழ் ரீச்சரின் தலையெழுத்து அது" என்று வே போட்டார் அக்கா. படிவங்கள், வே. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் எல்லார் விரலும் ஆசிரியரை நோக்கித் திரும்புவது, வே. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பெற்றோர் கேட்கிற கேள்விகள் எந்தப் பக்கம் என்று முடிவாகவில்லை. கைப்பேசியை அணைத்துவைக்கலாமே என்பது என் கட்சி. வகுப்பாசிரியராக இருந்து பார் என்பது அக்காவின் கட்சி.

நான்கு இ, மூன்று வே, ஒன்று வழக்கில். ஆக, அச்சகம் தீர்க்கும் என்று நாங்கள் எண்ணிய தொல்லைகளில் பாதி பாடசாலையை மாற்றினாலே தீருகிறது.

இடையில் வேறு இரண்டு வழிகளையும் எட்டிப் பார்த்தோம். சர்வதேசப் பாடசாலை: அவை கம்பனிகளாக நடப்பவை, ஓய்வூதியம் இல்லை, சேமலாப நிதிதான். பிள்ளைகள் குறைவு, ஆனால் கட்டணம் கட்டிய பெற்றோரின் குரல் கூடுதல். அக்கா ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டார். முழுநேர ரியூசன்: வெள்ளவத்தையில் அதற்குக் கிராக்கி உண்டு, பணமும் சம்பளத்தைத் தாண்டலாம். ஆனால் சனி, ஞாயிறு, மாலை நேரம் எல்லாம் போய்விடும். பெறுபேறு குறைந்தால் அடுத்த ஆண்டு பிள்ளையே வராது. இளைப்பாறப் போகிறவர் ஏறவேண்டிய வண்டி அதுவல்ல.

சம்பளமற்ற விடுமுறையை மட்டும் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. 2022 நெருக்கடியின்போது 14/2022 இலக்கச் சுற்றறிக்கை மூலம், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்தாண்டு வரை சம்பளமில்லாமல் விலகியிருக்க அரசாங்கம் வழிவிட்டது. அக்காவோடு படிப்பித்த இருவர் அப்படித்தான் வெளிநாடு போனார்கள். இப்படி விலக எண்ணுகிறவர் வலயக் கல்வி அலுவலகத்தில் தற்போது நடைமுறையிலிருக்கும் சுற்றறிக்கையைக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் அறையில் கேட்ட கதையை நம்பிப் பதினேழு ஆண்டுச் சேவையைப் பணயம் வைக்க முடியாது. இடர்கடன் மிச்சத்தை எப்படித் தீர்ப்பது, அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதி என்னவாகும் என்பவற்றையும் அங்கேயே கேட்டுவிடலாம். ஒரு கேள்விக்கு ஒரு நாள் அலைவதைவிட அது மேல்.

காகிதத்தில் பார்த்தது போதும் என்று அக்கா அந்த விடுமுறையிலேயே பத்து நாள் அச்சகத்தில் போய் இருந்து பார்த்தார். சம்பளம் வாங்கவில்லை. அரச ஊழியர் வெளிவேலைக்குக் காசு வாங்குவதற்குத் தாபன விதிக்கோவைப்படி அனுமதி வேண்டும். முதலாளியும் "பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் ரீச்சர்" என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டார். அங்கேயும் அவர் ரீச்சர்தான்.

அச்சகமும் அக்கா நினைத்ததுபோல அமைதிப் பூங்கா இல்லை. நினைவு மலர் முப்பத்தோராம் நாளுக்குள் கைக்குப் போயாக வேண்டும். முப்பத்திரண்டாம் நாள் போனால் அது வெறும் காகிதம். இறந்தவரின் மருமகள் பெயர் விடுபட்டதாக ஒரு குடும்பம் மாலை நான்கரைக்கு வந்து நின்றது. அன்று அக்கா எட்டு மணிக்குத்தான் வீட்டுக்குப் போனார். கண் எரிச்சல் பாடசாலையைவிடக் கூடுதல் என்றும் சொன்னார். பத்து நாளும் யாரும் தன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றதை ஆறுதலாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் திரும்பி வந்து கொப்பியில் தானாகவே ஒரு புதுக் கோடு கிழித்தார். தலைப்பு: இரவு. அதிகாலை மூன்று மணிக்கு விழித்து, அதற்குப் பிறகு தூக்கம் வராத நாள்கள். கடந்த தவணையின் கடைசிப் பத்து வேலை நாளில் ஏழு. அச்சகத்தின் பத்து நாளில் ஒன்று, மருமகள் பெயர் விடுபட்ட அன்று.

இந்த வரி எந்தக் கட்டத்திலும் கூட்டுக்கு அடங்காது. 17,400ஐ அதன் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், சின்னதாகத் தெரிந்தது. அந்த ஏழு இரவுகளில் எத்தனை "இ", எத்தனை "வே" என்று பிரிக்கவும் முடியவில்லை. எனக்கென்று ஒரு முடிவு உண்டு: முதலில் இடமாற்றம் கேட்க வேண்டும், அது கிடைத்தும் ஒரு தவணை முழுக்க இரவு விழிப்புத் தொடர்ந்தால், சம்பளமற்ற விடுமுறை எடுத்துப் போக வேண்டும், இராஜினாமா மட்டும் வேண்டாம். ஐந்தாண்டுச் சேவைகூட இல்லாத இளம் ஆசிரியர் என்றால் இவ்வளவு சுற்று வழி சொல்லியிருக்க மாட்டேன். இழப்பதற்கு அவரிடம் குறைவு. பதினேழு ஆண்டைப் போட்டவர் கதவை மெதுவாகத்தான் சாத்த வேண்டும்.

அக்கா வருடாந்த இடமாற்ற விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார். காரணம் எழுதுகிற கட்டத்தில் "பயணத் தூரம்" என்று மட்டும் எழுதினார். மேலாளைப் பற்றி எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதாதாம். ஜனவரி வரை இடத்தை வைத்திருப்பதாக அச்சக முதலாளி சொல்லியிருக்கிறார். நேற்றுத் தொலைபேசியில் கதைத்தபோது, கொப்பி எங்கே என்று கேட்டேன்.

"பின்பக்கத்தில் தரம் பத்துக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றார். "நல்ல தாள், ஏன் வீணாக்குவான்?"