வடசேரி மாடி ஆபீசும் என் சம்பளச் சீட்டும்

வேலைக்குச் சேரும்போது ஆஃபர் லெட்டரில் வருஷத்துக்கு 4,20,000 என்று போட்டிருந்தது. பன்னிரண்டால் வகுத்தால் 35,000. அம்மா அந்தக் கணக்கை நம்பித்தான் சீட்டு சேர்ந்தாள். கையில் வந்ததோ 30,200. செப்டம்பரில் அதுவும் 28,950 ஆனது. ஆபீசில் கேட்டால், "சிஸ்டம் போடுற கணக்கு, சரியாத்தான் இருக்கும்" என்கிறார்கள்.

அந்தக் கடுப்போடு ஏறிய மாடிதான் இது. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம், மருந்துக்கடைக்கு மேலே, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிற சின்ன ஆபீஸ். படி செங்குத்து, முட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளவும். டோக்கன் கிடையாது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன், ஃபேன் என் பக்கம் திரும்பவே இல்லை.

சாருக்கு அறுபது வயசு இருக்கும். பே ஸ்லிப்பைப் பார்த்துவிட்டு, கிழித்த காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு பென்சிலை எடுத்தார்.

"மக்ளே, ஏத்தன் வாழைக்குலையைத் தண்டோடதானே எடை போடுவானுவ? சிடிசி அப்பிடித்தான்."

சிடிசி என்றால் கம்பெனி எனக்காகச் செலவழிக்கிற மொத்தத் தொகை. மாசம் 35,000-இல் கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 1,800, வேலையை விடும்போது தருகிற பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு 722, குரூப் இன்சூரன்ஸ் 478. இந்த மூன்றும் சம்பளமாக என் கைக்கு வருவதே இல்லை, மிச்சம் 32,000. அதிலிருந்து என் பங்கு பிஎஃப், பேசிக் எனும் அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு 12 சதவீதம், 1,800. போக 30,200. செப்டம்பரில் காணாமல் போன 1,250? தொழில் வரி. அரை வருஷத்துக்கு ஒருமுறை மாநகராட்சிக்குப் போகிறது. மாசாமாசம் 200 சொச்சம் பிடித்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

"அப்போ கம்பெனி கட்டுற 1,800 தண்டா சார்?"

சிரித்தார். "அது பழுக்கப் போட்ட காய்."

அதில் 1,250 பென்ஷனுக்கும் 550 என் பிஎஃப் கணக்குக்கும் போகுமாம். வீட்டுக்கு வந்து பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று கட்டம்: என் பங்கு 1,800, கம்பெனி பங்கு 550, பென்ஷன் 1,250. பிசகவே இல்லை.

ஆனால் கொடுத்த 300 ரூபாய் பீசுக்கு நியாயம் வேறு இடத்தில்தான். வரியை மிச்சம் பிடிக்க பாலிசி போடு என்று ஏஜென்ட் அண்ணன் ஒருத்தர் ஒரு மாசமாக வீட்டுக்கு நடக்கிறார். வருஷத்துக்கு 50,000 பிரீமியம். சொன்னதும் சார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மாசம் 32,000 வீதம் என் வருஷச் சம்பளம் 3,84,000. சம்பளக்காரர்களுக்கு வரிக் கணக்கில் கழித்துக்கொடுக்கிற நிலைக்கழிவு 75,000 போனால் 3,09,000. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை.

"இல்லாத வரியை எப்பிடி மக்ளே மிச்சம் பிடிப்பே?"

ரசீது கேட்டால்தான் தருவார். ஜூலையில் போனால் கூட்டம் படிக்கட்டு வரை நிற்குமென்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் சொன்னார். அந்தக் காலண்டர் தாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். என்னுடையது அம்மாவின் சீட்டுப் புத்தகத்துக்குள் இருக்கிறது.