பக்கிக்கு வந்த அஜீரணம்

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருமுனை கராஜுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

என்னுடையது 1986 மாடல் பக்கி. (இங்கே சரக்கு வண்டிக்கு அதுதான் பெயர், சிரிக்காதீர்கள்.) மலிவாகக் கிடைத்ததே என்று பெட்ரோலில் பாதிக்குப் பாதி எத்தனால் (எரிசாராயம்) கலந்தேன். புத்தி எங்கே போயிற்றோ! காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, ஏற்றத்தில் திணறியது.

மெக்கானிக் அண்ணன் ரப்பர் குழாயைக் கழற்றிக் காட்டினார். ஊறிய அப்பளம் மாதிரி இருந்தது. டாங்கின் பழைய அழுக்கையெல்லாம் எத்தனால் கிளப்பிவிட்டு ஃபில்டரை அடைத்திருந்தது. "எடைக்கணக்கில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். பெட்ரோல் கணக்கிலேயே காற்றைக் கலக்கும் உன் கார்புரேட்டருக்கு இது தெரியுமா தம்பி?" என்றார்.

டாங்கைக் கழுவி, குழாயும் ஃபில்டரும் மாற்றி மறுநாளே கொடுத்துவிட்டார். கழற்றிய சாமான்களையும் கையில் தந்தார். ஒரு நட்சத்திரம் குறைந்தது, உட்கார நாற்காலி இல்லாததற்கு.