ரெடிஸ் இல்லாமல் ஓடுமா: ரயில்ஸ் 8, ஜாங்கோ 6, லாரவெல் 12

ஒரே ஒரு சர்வர். நிரல் எழுதுவதும் ஒரே ஆள், நடுராத்திரியில் தளம் படுத்துவிட்டால் எழுந்து பார்ப்பதும் அதே ஆள். அப்படிப்பட்டவருக்கு எந்த வெப் ஃபிரேம்வொர்க் (தளம் கட்டுவதற்கான தயார் அடித்தளம்) ஒத்துவரும் என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு ரயில்ஸ், ஜாங்கோ, லாரவெல் மூன்றையும் பார்க்கிறேன். பெரிய குழுவுக்கு விடை வேறாக இருக்கலாம். அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இருப்பார்.

கேள்வியைக் கிளப்பிவிட்டது ரயில்ஸ் 8. 2024 நவம்பரில் வந்த இந்தப் பதிப்பின் பேச்சு முழுக்க எதையெல்லாம் இனி வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதைப் பற்றியே இருந்தது: ரெடிஸ் (தகவலை மெமரியில் வைத்துத் தரும் தனி சர்வீஸ்) வேண்டாம், நிரலைச் சர்வரில் ஏற்றித் தர மாத வாடகைக்கு எடுக்கும் டெப்ளாய் சேவை வேண்டாம். லாரவெல் 12 அடுத்த பிப்ரவரியிலும், ஜாங்கோ 6.0 2025 டிசம்பரிலும் வந்தன. மூன்றுமே டேட்டாபேஸிலிருந்து டெம்ப்ளேட் (பக்கத்தின் அச்சு) வரை எல்லாவற்றையும் தானே தரும் வகை என்பதால் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பின்னணி வேலைகள். உண்மையான வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது.

புதிதாகப் பதிவு செய்தவருக்கு வரவேற்பு மெயில் அனுப்ப வேண்டும். மெயில் சர்வர் பதில் சொல்லும்வரை அவரைக் காக்க வைக்க முடியாது. அதனால் வேலையை ஒரு க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) போட்டுவிட்டு, தனியாக ஓடும் வொர்க்கர் என்ற நிரல் எடுத்துச் செய்யட்டும் என்று விடுகிறோம். ரொம்ப காலமாக ரயில்ஸ்காரர்களுக்கு இது சைட்கிக், ஜாங்கோகாரர்களுக்கு செலரி. பெரும்பாலும் இரண்டுக்கும் அடியில் ரெடிஸ். ஆக, ஒரு மெயிலுக்காக இன்னொரு சர்வீஸை நிறுவி, அதன் மெமரியைக் கவனித்து, பேக்கப் எடுத்து, அப்டேட் செய்துகொண்டிருக்க வேண்டும்.

ரயில்ஸ் 8-ல் உள்ள சாலிட் க்யூ இந்த வேலைகளை டேட்டாபேஸின் சாதாரண டேபிளில் வரிகளாக வைக்கிறது. டேட்டாபேஸை க்யூவாக வைத்தால் பல வொர்க்கர்கள் ஒரே வரிக்கு முட்டி மோதுவார்கள் என்பது பழைய குறை. இப்போது போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ்களில் பூட்டிய வரியைத் தாண்டிப் போகும் வசதி இருக்கிறது. ஒரு வொர்க்கர் ஒரு வரியைப் பூட்டிவிட்டால், அடுத்த வொர்க்கர் பூட்டு திறக்கும்வரை நிற்காமல் அதற்கடுத்த வரியை எடுத்துக்கொள்ளும். ரயில்ஸ் பிறந்த வீடான 37சிக்னல்ஸ், தன் ஹே மெயில் சேவையில் நாளுக்கு 2 கோடி வேலைகள் இதில் ஓடுவதாக வெளியீட்டின்போது சொன்னது. நம் தளத்துக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. வொர்க்கருக்குத் தனி புராசஸ்கூட வேண்டாம், சர்வரில் ஒரு என்விரான்மென்ட் மாறி (அமைப்பு மதிப்பு) வைத்தால் பூமா வெப் சர்வருக்குள்ளேயே அது ஓடும்.

இது ரயில்ஸ் கண்டுபிடித்த புதுமை என்று நினைத்துவிடக் கூடாது. லாரவெலில் டேட்டாபேஸ் க்யூ நெடுநாளாக இருக்கிறது. 2024 மார்ச்சில் வந்த லாரவெல் 11, புது புராஜெக்டில் க்யூ, செஷன் (உள்நுழைந்தவர் யார் என்ற நினைவு), கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) மூன்றையுமே டேட்டாபேஸில் வைப்பதை இயல்பாக்கிவிட்டது. இந்த விஷயத்தில் ரயில்ஸ்தான் பின்னால் வந்து சேர்ந்தது. ஆனால் க்யூவைக் கண்காணிக்கும் லாரவெலின் ஹொரைசன் திரை வேண்டுமென்றால் திரும்ப ரெடிஸிடமே போக வேண்டும்.

ஜாங்கோ 6.0 கதை வேறு. பின்னணி வேலைக்கென்று ஒரு பொது இடைமுகம் முதல்முறையாக ஜாங்கோவுக்குள்ளேயே வந்திருக்கிறது. ஃபங்ஷன் மேல் ஒரு டெக்கரேட்டர் (அடையாள வரி), பிறகு க்யூவில் போட ஓர் அழைப்பு, அவ்வளவுதான். அழகாக இருக்கிறதே என்று ஓட்டிப் பார்த்தால், கூடவே வரும் பின்தளங்கள் (வேலையை வாங்கிக் கையாளும் பகுதிகள்) இரண்டே இரண்டு. ஒன்று வேலையை அந்த இடத்திலேயே, அப்போதே செய்துவிடும். மற்றது எதையும் செய்யாமல் சோதனைக்காகக் குறித்து மட்டும் வைக்கும். வொர்க்கர் கிடையாது. சுவிட்ச் போர்டு மாட்டிக் கொடுத்துவிட்டார்கள், கரண்டை நாம்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஒரு பேக்கேஜ் சேர்த்தால் டேட்டாபேஸ் க்யூ கிடைக்கும். ஜாங்கோ ஆப் (பிறர் தம் தளத்தில் சேர்த்துக்கொள்ளும் பகுதி) எழுதி வெளியிடுபவர்களுக்கு இது பெரிய வரம், செலரியா வேறொன்றா என்று கேட்காமல் எழுதலாம். தனியாளுக்கு இன்னும் அரைக் கிணறுதான்.

இங்கே ஒரு சொந்தக் கதை. ஆர்டரைச் சேமிக்கும், முழுதாக நடந்தேறும் அல்லது முழுதாக ரத்தாகும் டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே மெயில் வேலையை ரெடிஸ் க்யூவில் போட்டிருந்தேன். என் கணினியில் ஒருநாளும் பிசகவில்லை. நேரடித் தளத்தில் கூட்டம் வந்ததும், அப்படி ஓர் ஆர்டரே இல்லை என்று வொர்க்கர் அவ்வப்போது புகார் சொன்னது. போய்ப் பார்த்தால் ஆர்டர் கண்ணெதிரே இருக்கிறது! கமிட் ஆவதற்குள், அதாவது ஆர்டர் டேட்டாபேஸில் உறுதியாகப் பதிவதற்குள், வொர்க்கர் முந்திக்கொண்டு போய்த் தேடியிருக்கிறது என்று புரிய இரண்டு ராத்திரி ஆனது.

மூன்றிலும் இதற்கு மருந்து உண்டு. ஜாங்கோவில் கமிட்டுக்குப் பிறகு அழை என்று சொல்லும் ஃபங்ஷன், லாரவெலில் க்யூ கான்ஃபிகில் ஒரு வரி, ரயில்ஸில் ஜாப் கிளாஸில் ஒரு வரி. ஆனால் ரயில்ஸ் 8-ல் ஒரு பொறி இருக்கிறது. க்யூவும் டேட்டாபேஸில்தானே, ஆர்டரும் வேலையும் ஒன்றாகவே கமிட் ஆகும் என்று தோன்றும். அப்படி ஆகாது. புது புராஜெக்டின் புரொடக்‌ஷன் அமைப்பில் முதன்மை, கேஷ், க்யூ, கேபிள் (நேரலைச் செய்திகளுக்கு) என்று நான்கு தனித்தனி டேட்டாபேஸ்கள். ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட் என்றால் நான்கு ஃபைல்கள். டிரான்சாக்‌ஷன் ஒன்றில் மட்டும்தான் நிற்கும். அந்த ஒரு வரியை மறக்காமல் போடுங்கள்.

அப்புறம் லாகின். ரயில்ஸ் 8-ல் ஒரு ஜெனரேட்டர் கட்டளை கொடுத்தால் பயனர், செஷன் மாடல்கள் (டேபிளைக் குறிக்கும் நிரல்கள்), உள்நுழையும் பக்கம், கடவுச்சொல்லை மீட்கும் பக்கம் எல்லாம் உங்கள் ஃபோல்டரிலேயே சாதாரண நிரலாக வந்து விழும். திறந்து படித்தால் 3 நிமிடத்துக்கு 10 முயற்சி என்ற வரம்புவரை கண்ணில் படும். பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். பலரும் கவனிக்காமல் விடுவது, இதில் புதிதாகப் பதிவு செய்யும் பக்கம் இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், அதை நாம்தான் எழுத வேண்டும். லாரவெல் 12-ன் ஸ்டார்ட்டர் கிட்கள் (தொடக்கத் தொகுப்புகள்), முன்பக்கத்துக்கு ரியாக்ட், வியூ, லைவ்வயர் எதை எடுத்தாலும் பதிவுப் பக்கம், மெயில் சரிபார்ப்பு சேர்த்தே தருகின்றன. இந்தச் சுற்று லாரவெலுக்கே.

ஜாங்கோவின் லாகின் பழையது, உறுதியானது, குழுக்களும் அனுமதிகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் மெயில் முகவரியை வைத்து உள்நுழைய வேண்டுமென்றால் டேபிள்களை உருவாக்கும் முதல் மைக்ரேஷனை ஓட்டுவதற்கு முன்பே சொந்த பயனர் மாடலை வைத்துவிட வேண்டும். பிறகு மாற்றப் போனால் படாதபாடு.

ஆனால் ஜாங்கோவிடம் அட்மின் என்ற நிர்வாகத் திரை இருக்கிறது. மாடலைப் பதிவு செய்ய ஒரு வரி எழுதினால் பட்டியல், திருத்தும் படிவம், யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவு எல்லாம் தயார். 2005-ல் ஒரு செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து வெளியே வந்த ஃபிரேம்வொர்க் அல்லவா, உள்ளே உட்கார்ந்து தகவல் ஏற்றுபவர்களை அது மறக்கவே இல்லை. ரயில்ஸ் 8-ல் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. லாரவெலில் ஃபிலமென்ட் போன்ற வெளிப் பேக்கேஜ்கள் உண்டு. உங்கள் தளத்தின் பாதி வேலை தகவல் ஏற்றுவதும் திருத்துவதும் என்றால் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு ஜாங்கோவை எடுங்கள்.

முன்பக்க ஜாவாஸ்கிரிப்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரியாக்டோடு வாழ்பவர் லாரவெலில் சுகமாக இருப்பார், அது பிடிக்காதவருக்கு, சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லை வைத்தே பக்கத்தைப் புதுப்பிக்கும் ரயில்ஸின் டர்போ. ஜாங்கோ 6.0-ல் டெம்ப்ளேட்டின் ஒரு துண்டுக்குப் பெயர் வைத்து அதை மட்டும் அனுப்பலாம். பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் சர்வரிலிருந்து வாங்கி மாற்றும் எச்டிஎம்எக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு வசதி.

சர்வரில் ஏற்றுவதில் ரயில்ஸ் 8 மற்ற இரண்டையும் விட்டு வெகுதூரம் போய்விட்டது. புது புராஜெக்டோடு டாக்கர்ஃபைலும் (தளத்தை இமேஜ் என்ற ஒரே பொட்டலமாகக் கட்டும் குறிப்பு), டெப்ளாய் கருவியான கமால் 2-ன் கான்ஃபிக் ஃபைலும் வருகின்றன. வெறும் லினக்ஸ் சர்வரின் ஐபி முகவரி, டொமைன் பெயர், இமேஜை வைக்கும் ரெஜிஸ்ட்ரி விவரம், இவற்றை நிரப்பி ஒரு கட்டளை கொடுத்தால் டாக்கரை நிறுவுவதிலிருந்து எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்குவதுவரை அதுவே செய்யும். புதுப் பதிப்பு எழுந்து நலமாக இருக்கிறது என்று உறுதியான பிறகே பழையதை இறக்கும். எஸ்க்யூலைட் வைத்திருப்பவர்கள் மட்டும் கான்ஃபிகில் உள்ள வால்யூம் வரியை (டேட்டாவை, இமேஜ் ஓடும் கன்டெய்னருக்கு வெளியே வைக்கச் சொல்வது) அழிக்காமல் இருக்க வேண்டும். அது போனால் அடுத்த டெப்ளாயில் பழைய கன்டெய்னரோடு டேட்டாபேஸும் போய்விடும்.

கமால் பழைய வொர்க்கருக்கு இயல்பாக 30 வினாடிதான் அவகாசம் தரும். ஒரு மணி நேரம் ஓடும் இறக்குமதி வேலை நடுவில் வெட்டுப்படும். 2025 அக்டோபரில் வந்த ரயில்ஸ் 8.1 இதைக் கவனித்திருக்கிறது. நீண்ட வேலையைப் படிகளாகப் பிரித்து எழுதினால், விட்ட படியிலிருந்து தொடரலாம்.

லாரவெலின் வழி இதற்கு நேரெதிர். ஃபோர்ஜ், 2025-ல் வந்த லாரவெல் கிளவுட் என்று காசு கொடுத்தால் சொந்த நிறுவனமே சேவை தருகிறது. சொகுசுதான், ஆனால் மாதாமாதம் பில். ஜாங்கோவில் கனிகார்ன், என்ஜின்எக்ஸ் சர்வர்கள், படம் போன்ற ஸ்டேடிக் ஃபைல் திரட்டல் என்று எல்லாமே கைவேலை. கட்டமைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு, அதற்காக நான் மற்ற இரண்டிலும் ஏங்கியிருக்கிறேன்.

ஆயுளிலும் ஜாங்கோவே கெட்டி. 2025 ஏப்ரலில் வந்த 5.2 நீண்டகாலப் பதிப்புக்கு 2028 ஏப்ரல்வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். ரயில்ஸும் லாரவெலும் ஒரு பதிப்புக்கு 2 ஆண்டுதான்.

புதிதாக, தனியாகத் தொடங்கினால் நான் ரயில்ஸ் 8 பக்கம். அட்மின் தேவைப்பட்டால் ஜாங்கோ, அதுவும் 6.0-ஐ விட்டு 5.2. ஏற்கெனவே ரயில்ஸ் 7.2-ல் சைட்கிக்கோடு தளம் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். 8-க்கு ஏறினால் சாலிட் க்யூ தானாக வந்து உட்காராது, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களைத் தொகுக்கும் பழைய ஸ்பிராக்கெட்ஸும் ஜெம்ஃபைலில் (பேக்கேஜ் பட்டியலில்) இருக்கும்வரை அப்படியே ஓடும். முதலில் பதிப்பை மட்டும் ஏற்றிவிட்டு, ரெடிஸை எப்போது அணைப்பது என்பதை வேறொரு நாள் யோசிக்கலாம்.