நீலம் நீலமாகவே வருகிற ஒரு பிரிண்ட் ஸ்டூடியோ

சென்னையில் ஓவியங்களுக்கு ஆர்ட் பிரிண்ட் போடும் இடங்கள் இப்போது நிறைய. பெரும்பாலும் முதல் கேள்வி, “என்ன சைஸ்? கேன்வாஸா, பேப்பரா?” நான் கொடுக்கும் தென்சென்னை ஸ்டூடியோவில் முதலில் அசலைக் கேட்பார்கள். ஃபைலை மட்டும் அனுப்பினால் வேலையே எடுப்பதில்லை. கறாரான ஆட்கள்.

நான் வரைவது வாட்டர்கலர். விடியற்காலைக் கடற்கரை என்றால் பாதித் தாள் வெறும் இளநீல வாஷ்தான், அதாவது நிறையத் தண்ணீர் கலந்த மெல்லிய பூச்சு. வீட்டு ஸ்கேனரில் போட்டால் அந்த வாஷ் வெளுத்துவிடும், தாளின் சொரசொரப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். இங்கே ஓவியத்தை நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்துப் படமெடுக்கிறார்கள். கூடவே, பிறகு நிறத்தைத் திருத்த, 24 நிறக்கட்டம் உள்ள அட்டையையும் ஒரு ஷாட். ஆயில், அக்ரிலிக் என்றால் பளபளப்பை அடக்க விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் மாட்டுவார்கள்.

கோபால்ட் நீலம்தான் பெரிய தொல்லை. அந்த நிறமி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் நிறையத் திருப்பி அனுப்புவதால், கேமராவில் அடிக்கடி ஊதா கலந்து பதிவாகும். அட்டையை வைத்துச் செய்யும் திருத்தம் மட்டும் இதற்குப் போதாது, ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் ஒரு துண்டு மட்டும் சோதனையாக அடித்து, 5000 கெல்வின் விளக்கடியில் அசலோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறார். “வானத்துல இன்னும் சிவப்பு இருக்கு மேடம், இருங்க” என்று அவரே சொல்கிறார். நான் காசு கொடுப்பது இதற்குத்தான். மெஷின் எப்சன் பி900, காகிதம் 308 ஜிஎஸ்எம் ஹானமூலே ஃபோட்டோ ரேக், முழுப் பருத்தி. இரண்டையும் பணம் இருந்தால் யாரும் வாங்கிவிடலாம்.

எல்லா நிறமும் வந்துவிடாது. தாமரை இதழில் ஓபரா ரோஸ் போட்டிருந்தேன். அது ஒளிரும் நிறம், பத்து மை இருந்தாலும் அந்தப் பளீர் கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கிடைக்கவில்லை. (அசலிலும் வெயில் பட்டால் அது சீக்கிரம் வெளுத்துவிடும் என்பது வேறு கதை.) பளபளப்பில்லாத மேட் காகிதம் என்பதால் கறுப்பும் அடர்த்தியாக இறங்காது. இரவுக் காட்சி வரைபவர்கள், கொஞ்சம் பளபளப்பான பூச்சுள்ள பரைட்டா காகிதம் கேட்டுப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. ஏ3 ஒன்றுக்கு 1,400 ரூபாய், படமெடுக்கத் தனிக் காசு. அதைக்கூட ஒத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்த ஃபைலைத் தர மறுபடியும் பணம் கேட்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வரைந்தது நான், படமெடுத்ததற்கும் காசு கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன? அனுப்பும்போது ஒல்லியான குழாயில் இறுக்கிச் சுருட்டிவிடுகிறார்கள். பருத்திக் காகிதம் லேசில் நிமிராது, மடிப்புக் கோடும் விழலாம். தட்டையாக அட்டை வைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் நேரில் போய் வாங்குங்கள்.

17 அங்குல அகலத்துக்கு மேல் இங்கே அடிக்க முடியாது. கேன்வாஸ் நான் போட்டுப் பார்க்கவில்லை.