வடகடலா, தென்கடலா? இராமநாதபுரம் கரையில் தனியாக மூன்று நாள்

இராமநாதபுரத்துக்கு இரண்டு கடல். பாக் நீரிணையை இங்குள்ள மீனவர்கள் வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். கையில் மூன்று நாள்தான், பைக்கில் நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்றால் எந்தக் கரைக்குப் போவது? தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை உள்ள வடகரைக்கா, கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரை உள்ள தென்கரைக்கா? தனுஷ்கோடியை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. எந்தக் கரையை எடுத்தாலும் ஒரு நாளை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

என் 125 சிசி வண்டியில் இரண்டு கரையிலும் தனியாக ஓட்டியிருக்கிறேன். எனக்குப் பிடித்தது தென்கரை. ஆனால் முதல் தடவையாகத் தனியே கிளம்புகிறவர் கேட்டால் வடகரையைத்தான் சொல்வேன்.

வடகரையில் கிழக்குக் கடற்கரைச் சாலை கடலை விட்டு அதிகம் விலகாது. எஸ்.பி.பட்டினம் தாண்டி தொண்டி, அப்புறம் உப்பூர், திருப்பாலைக்குடி என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். வண்டி மக்கர் பண்ணினாலும் தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில் ஒரு டீக்கடை இருக்கும். காரங்காட்டில் வனத்துறை படகில் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். தனி ஆளாகப் போனால் படகுக்கு ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். நான் போன அன்று ஒரு குடும்பத்தைக் காட்டி, "தம்பி, இவுகளோட ஏறிக்கங்க" என்றார் படகுக்காரர். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும், நவகிரகங்களாக வணங்கப்படும் நவபாஷாணக் கற்களைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். அமாவாசை நாளாக இருந்தால் கூட்டத்தில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

தென்கரை அப்படிக் கையில் எடுத்துக் கொடுக்காது. சாலை உள்ளே தள்ளிப் போகும். கடல் வேண்டுமென்றால் திருப்புல்லாணியில் திரும்பி சேதுக்கரைக்கு, அப்புறம் வாலிநோக்கத்துக்கு, மூக்கையூருக்கு என்று ஒவ்வொரு கிளைச்சாலையாக இறங்கி ஏற வேண்டும். இரு பக்கமும் பனை, உடைமரம், உப்பளம். வளைகுடாவில் பாம்பன் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-இல் அவை கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டதால் நினைத்தபடி அங்கே போக முடியாது. கரையிலிருந்து பார்த்தால் சில தீவுகள் பச்சைக் கோடுபோலத் தெரியும். ஏர்வாடிப் பக்கம் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பாசி எடுத்துவரும் பெண்களைப் பார்த்தேன். அவர்கள் கரையேறும்வரை எனக்கு வண்டியை எடுக்க மனம் வரவில்லை. அப்படி நினைத்த இடத்தில் நினைத்த நேரம் நிற்பதற்குத்தானே தனியாக வருகிறோம்! கீழக்கரையில் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இனிப்பு, பையில் கிடந்தாலும் கெடாது.

தென்கரையில் தனி ஆளுக்கு உண்மையான ஆபத்து சீமைக்கருவேல முள். வாலிநோக்கம் சாலையில் கடலோர மண்பாதையில் இறங்கி ஏறினேன், பின் டயரில் காற்று போய்விட்டது. மத்தியான வெயில், கண்ணுக்கு எட்டியவரை நிழல் இல்லை. டிவிஎஸ் 50-யில் மீன்கூடையோடு வந்த ஒரு அண்ணன் நிறுத்தி, தன் தண்ணீர் பாட்டிலை முதலில் நீட்டினார். அப்புறம்தான் "என்னாச்சு?" என்று கேட்டார். டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், கைப்பம்பு, இரண்டு லிட்டர் தண்ணீர், இவை இல்லாமல் இந்தக் கரைக்குத் தனியே வராதீர்கள். கிட் மட்டும் போதாது, வீட்டிலேயே ஒருமுறை பஞ்சர் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

காற்றையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவத்தின் சோளகக் காற்று தென்கடலைக் கொந்தளிக்க வைக்கும். வெட்டவெளியில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும், மணல் கண்ணில் அடிக்கும். அந்த மாதங்களில் வடகரையே மேல். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு கரைக்கும் மழை, வாடைக் காற்றில் வடகடல் குமுறும். தை, மாசியில் வந்தால் எந்தக் கரையும் சுகம்தான்.

அறை விஷயத்தில் இரண்டு கரையும் ஒன்றுதான், இராமநாதபுரம் டவுனில் தங்கிக்கொண்டு போய்வரலாம். ராமேஸ்வரத்தில்தான் எனக்குக் கசப்பான அனுபவம். "தனி ஆளுக்கு ரூம் கிடையாது" என்று ஒரு லாட்ஜில் இரவு ஒன்பது மணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். தனியாக வருகிறவர் முன்பே போன் செய்து, ஒரே ஆள் என்று சொல்லிப் பதிவு செய்வது நல்லது.

இரண்டு கரையையும் ஒரே பயணத்தில் சேர்க்க முடியுமா என்றால், முடியும். வெயில் முகத்தில் அடிக்காதபடி திட்டமிட வேண்டும். முதல் நாள் காலை தொண்டியிலிருந்து தெற்கே இறங்குங்கள். மத்தியானத்துக்கு மேல், சூரியன் முதுகுக்குப் பின்னால் போனதும், பாம்பன் பாலம் ஏறுங்கள். பாலத்தில் காற்று பலமாக இருக்கும், வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இரண்டாம் நாள் காலையிலேயே தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை. மாலையானால் அங்கிருந்து வண்டிகளைக் கிளப்பிவிடுவார்கள். திரும்பியதும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு ஆயில் விடுங்கள். உப்பும் மணலும் ஒரே இரவில் செயினைப் பிடித்துவிடும். மூன்றாம் நாள் காலை இராமநாதபுரம் வழியாக மேற்கே கீழக்கரை, சாயல்குடி. மத்தியானம் மூக்கையூரில் நிறுத்தி மீன் குழம்புச் சாப்பாடு. அதற்குப் பிறகு வேம்பார், தூத்துக்குடி மாவட்டம்.